டைப் 1 சர்க்கரை நோய்க்கான ஸ்டெம் செல் ஆய்வுக்கு நிதி பெறுவது எப்படி: முதன்முறையாக விண்ணப்பிப்போருக்கு ஒரு வழிகாட்டி

இந்தியாவில் ஒரு பல்கலைக்கழகத்திலோ மருத்துவக் கல்லூரியிலோ ஆய்வு நிறுவனத்திலோ அண்மையில் பணியில் சேர்ந்து, பல வகைச் செல்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்களிலிருந்து இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை உருவாக்கும் ஆய்வைத் தொடங்க நினைக்கிறவர்களுக்காக இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். டைப் 1 சர்க்கரை நோயோடு வாழ்கிறவர்களுக்கு ஆயுள் முழுவதும் ஊசிதான் என்ற நிலை மாறக்கூடும் என்பதற்கு, மனிதர்களிடம் நடந்த சோதனைகளே இன்று சான்றாக இருக்கின்றன. ஆனால் அந்த வேலையில் இறங்கும் இளம் ஆய்வாளருக்கு, பணத்தை எங்கே கேட்பது, எந்தக் காகிதத்தை முதலில் வாங்குவது, எதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதையெல்லாம் ஒரே இடத்தில் சொல்லித் தர ஆள் கிடைப்பதில்லை. தட்டுத்தடுமாறித்தான் நான் இந்த வழியைக் கற்றுக்கொண்டேன். அடுத்து வருகிறவர்களுக்கு அந்தச் சிரமம் குறைய வேண்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிதி மறுக்கப்பட்டால் அறிவியல் போதவில்லை என்றே பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். நான் பார்த்த வரையில், நல்ல அறிவியல் கொண்ட முன்மொழிவுகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் அனுமதிக் கடிதங்களிலும் செலவுக் கணக்கிலும் கால அட்டவணையிலும்தான். ஆய்வுத் திட்டம், அனுமதிகள், பணம் வரும் நாள் ஆகிய மூன்றும் ஒரே நாட்காட்டியில் பொருந்தியிருக்கும் முன்மொழிவே கரையேறுகிறது. கீழே வரும் படிகள் எல்லாம் அந்த ஒரு நாட்காட்டியை உருவாக்குவதற்கானவை.

1. கேள்வியை ஒன்றாகச் சுருக்குங்கள்

வெர்டெக்ஸ் நிறுவனத்தின் சிமிஸ்லெசெல் என்ற செல் சிகிச்சையின் முடிவுகள் 2025 ஜூன் மாதம் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்தன. ஏறத்தாழ 80 கோடி செல்கள் கொண்ட முழு அளவை, கல்லீரலுக்குச் செல்லும் போர்ட்டல் சிரை வழியாக ஒரே தவணையில் பெற்ற 12 பேரில், 10 பேர் ஓராண்டு முடிவில் இன்சுலின் ஊசியின்றி இருந்தார்கள். இந்தச் செய்தியைப் படிக்காத மதிப்பீட்டாளர் யாரும் இருக்க மாட்டார். எனவே உங்களிடம் வரப்போகும் முதல் கேள்வி, அங்கே செய்து காட்டியதை நீங்கள் இங்கே ஏன் மறுபடியும் செய்ய வேண்டும் என்பதாகத்தான் இருக்கும். முன்மொழிவின் முதல் பக்கத்திலேயே அதற்கு விடை இருக்க வேண்டும்.

விடை சொல்ல இடம் நிறையவே இருக்கிறது. சிமிஸ்லெசெல் பெற்றவர்கள் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளைத் தொடர்ந்து எடுத்தாக வேண்டும். அந்த மருந்துகள் இல்லாமல் செல்களை ஒரு சாதனத்துக்குள் அடைத்துப் பொருத்த அதே நிறுவனம் முயன்ற விஎக்ஸ்-264, போதிய பலன் தராததால் 2025 மார்ச்சில் கைவிடப்பட்டது. சீனாவில் டெங் ஹோங்குயி குழுவினர் நோயாளியின் சொந்த செல்களிலிருந்தே, இன்சுலின் சுரக்கும் செல் திட்டுகளை உருவாக்கிப் பொருத்தி 2024-இல் வெளியிட்டார்கள். ஆனால் அந்தப் பெண் ஏற்கெனவே கல்லீரல் மாற்று சிகிச்சைக்காக நோயெதிர்ப்பு அடக்கும் மருந்துகளை எடுத்துக்கொண்டிருந்தவர். ஸ்வீடனின் உப்சாலாவில், சானா நிறுவனம் மரபணு திருத்தம் செய்த திட்டு செல்களை அடக்கும் மருந்துகள் ஏதுமின்றி ஒருவருக்குப் பொருத்தி, அவை பிழைத்திருப்பதைக் காட்டியது. ஆனால் அவை இறந்த கொடையாளரின் செல்கள், ஸ்டெம் செல்லில் பிறந்தவை அல்ல. இந்த இடைவெளிகளில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் சில லட்சம் செல்கள் வளர்ப்பதற்கும் ஒரு நோயாளிக்கு 80 கோடி செல்கள் தருவதற்கும் நடுவே உள்ள உற்பத்திச் சிக்கலும், செல்களை வளர்க்கச் சேர்க்கும் புரதங்களான வளர்ச்சிக் காரணிகளின் கொள்ளை விலையும் இந்தியாவுக்கு மிகவும் பொருந்தும் கேள்விகள் என்பது என் கருத்து.

ஒரே மூலத்திலிருந்து தொடர்ந்து வளர்த்துவரும் செல்களைத்தான் செல் வரிசை என்கிறோம். முதல் விண்ணப்பத்தில் ‘செல் வரிசை உருவாக்கம் முதல் மனிதச் சோதனை வரை’ என்று எழுதாதீர்கள். மூன்று ஆண்டுகளில் அது முடியாது என்பது மதிப்பீட்டுக் குழுவில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

2. எந்தக் கதவைத் தட்டுவது என்று முடிவு செய்யுங்கள்

உயிரித் தொழில்நுட்பத் துறையான டி.பி.டி., இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர்., பழைய அறிவியல் நிதி வாரியமான எஸ்.இ.ஆர்.பி.யைத் தன்னுள் இணைத்துக்கொண்டு 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையான ஏ.என்.ஆர்.எஃப். ஆகிய மூன்றும்தான் உள்நாட்டின் முதன்மையான கதவுகள். டி.பி.டி.க்கு இ-புரோமிஸ் தளம், ஐ.சி.எம்.ஆர்.க்கு இ.பி.எம்.எஸ். தளம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவு தேவை. ஐ.சி.எம்.ஆர்.இன் வெளி நிறுவனங்களுக்கான நிதியில் சிறு திட்டத்துக்கு 2 கோடி ரூபாய் வரையும், இடைநிலைத் திட்டத்துக்கு 8 கோடி வரையும் கேட்கலாம். இவை ஆண்டு முழுவதும் திறந்திருப்பவை அல்ல. அழைப்பு வரும்போது மட்டுமே தளம் விண்ணப்பத்தை ஏற்கும்.

பணியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஏ.என்.ஆர்.எஃப்.இன் இளம் ஆய்வாளர் நிதி இருக்கிறது. அதில் 3 ஆண்டுகளுக்கு 60 லட்சம் வரை பெற முடியும். வயது வரம்பையும் பணி நியமனம் பற்றிய நிபந்தனையையும் அந்தந்த ஆண்டின் அழைப்பில் வரிவரியாகப் படித்துப் பாருங்கள். டி.பி.டி.யும் லண்டன் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து 2008-இல் தொடங்கிய இந்தியா அலையன்ஸ், திட்டத்தைவிட ஆளை நம்பிப் பணம் தரும் அமைப்பு. நேர்முகத்தில் அது கடுமையானது. நிதியைச் செலவிடுவதில் சுதந்திரம் அதிகம்.

உற்பத்தி முறை, வளர்ப்புக் கலன், செல்களை வளர்க்கும் மலிவான ஊடகக் கரைசல் என்று ஒரு பொருளாக மாறக்கூடிய எண்ணம் உங்களிடம் இருந்தால், உயிரித் தொழில்நுட்பத் தொழில்களுக்கு உதவும் அரசு நிறுவனமான பைராக்கின் பிக் நிதியைப் பாருங்கள். அது 18 மாதங்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரை தருகிறது.

வெளிநாட்டில், முன்பு ஜே.டி.ஆர்.எஃப். என்று அறியப்பட்டு 2024-இல் பிரேக்த்ரூ டி1டி எனப் பெயர் மாறிய அமைப்புதான் இந்தத் துறையின் பெரிய தொண்டு நிதியாளர். அமெரிக்கர் அல்லாதவர்களும், அமெரிக்காவுக்கு வெளியே உள்ள நிறுவனங்களும் அதில் விண்ணப்பிக்கலாம். ஹெல்ம்ஸ்லி அறக்கட்டளையும் இத்துறையில் பெருமளவு செலவிடுகிறது. மேலே சொன்ன உப்சாலா ஆய்வுக்கு அதன் உதவி இருந்தது. கலிஃபோர்னியாவின் ஸ்டெம் செல் நிதி அமைப்பான சி.ஐ.ஆர்.எம். பற்றி ஆர்வத்தோடு விசாரிக்கும் மாணவர்கள் உண்டு. அது அந்த மாநிலத்து வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட பணம், அந்த மாநிலத்தில் நடக்கும் ஆய்வுக்கானது. அங்கே உங்கள் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

3. அனுமதிகளை முன்கூட்டியே தொடங்குங்கள்

அதிகக் காலம் விழுங்கும் படி இதுதான். பணம் ஒப்பளிப்பாகி, அனுமதி வராததால் ஓராண்டு வேலை தொடங்காமல் கிடந்த திட்டங்களை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

ஐ.சி.எம்.ஆரும் டி.பி.டி.யும் சேர்ந்து வெளியிட்ட 2017-ஆம் ஆண்டின் தேசிய ஸ்டெம் செல் ஆய்வு வழிகாட்டு நெறிகள்தான் இங்கே அடிப்படை ஆவணம். அதை முழுமையாகப் படியுங்கள். சுருக்கத்தைப் படித்துவிட்டு நகராதீர்கள். ஆய்வுகளை அனுமதிக்கப்பட்டவை, கட்டுப்படுத்தப்பட்டவை, தடை செய்யப்பட்டவை என்று அது பிரிக்கிறது. உங்கள் நோக்கங்கள் ஒவ்வொன்றும் எந்தப் பிரிவில் விழுகிறது என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே உள்ள ஒரு செல் வரிசையை வாங்கி ஆய்வுக்கூடத்துக்குள் மட்டும் வேலை செய்வதும், நோயாளியின் ரத்தத்திலிருந்து புதிய ஐ.பி.எஸ். செல் வரிசை (சாதாரண செல்லை ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பிப் பெறுவது) உருவாக்குவதும் ஒரே வகைப் பரிசீலனைக்கு உட்பட்டவை அல்ல.

ஸ்டெம் செல் ஆய்வு செய்யும் நிறுவனத்தில் ஐ.சி.-எஸ்.சி.ஆர். என்ற தனிக்குழு இருக்க வேண்டும். 2017 நெறிகளின்படி அது தேசிய அளவில் பதிவு பெற்றிருக்க வேண்டும். வழக்கமான நெறிமுறைக் குழு இருக்கிறதே, அது போதும் என்று உங்கள் நிர்வாகம் சொல்லக்கூடும். போதாது. பதிவு எண்ணையும் அது எந்த நாள் வரை செல்லும் என்பதையும் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். காலாவதியான பதிவோடு ஒரு குழு கூடித் தரும் அனுமதிக் கடிதம் மதிப்பீட்டின் முதல் சுற்றிலேயே திருப்பி அனுப்பப்படும். உங்கள் நிறுவனத்தில் இந்தக் குழு இல்லையென்றால், புதிதாக அமைத்துப் பதிவு பெறும்வரை காத்திருப்பதைவிட, குழு உள்ள ஒரு நிறுவனத்தோடு கூட்டு ஆய்வாகத் திட்டத்தை அமைத்துச் செல் வேலையை அங்கே வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஏற்றது. தமிழ்நாட்டில் இருப்பவர்கள், வேலூர் சி.எம்.சி. வளாகத்தில் இயங்கும் ஸ்டெம் செல் ஆய்வு மையம் போன்ற இடங்களில் உள்ளவர்களிடம் தொடக்கத்திலேயே பேசிப் பார்க்கலாம்.

நோயாளிகளிடம் ரத்தம் எடுப்பதாக இருந்தால் மனித ஆய்வுக்கான நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும். டைப் 1 நோயில் உங்களுக்குக் கிடைக்கும் நோயாளிகளில் பலர் சிறுவர்கள். பெற்றோரின் ஒப்புதல் மட்டும் போதாது. 7 வயது முதல் 12 வயது வரையுள்ள குழந்தையிடம் வாய்மொழி இசைவும், 12 முதல் 18 வரையுள்ளவர்களிடம் எழுத்து இசைவும் பெற வேண்டும். அந்தப் படிவத்தைக் குழந்தைக்குப் புரியும் தமிழில் தனியாக எழுதுங்கள்; பெரியவர்களின் படிவத்தைச் சுருக்கித் தருவது பயன்படாது. கொடுத்த ரத்தத்திலிருந்து சாகாத செல் வரிசை ஒன்று உருவாகும், அது பல ஆண்டுகள் உறைநிலையில் இருக்கும், அதன் மரபணு திருத்தப்படலாம், வேறு ஆய்வுக்கூடங்களுக்குப் போகலாம், ஒருநாள் வணிகத்துக்கும் பயன்படலாம் என்று ஒவ்வொன்றையும் ஒப்புதல் படிவத்தில் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். இவற்றில் ஒன்று விடுபட்டாலும், பின்னாளில் அந்தச் செல் வரிசையை நீங்கள் பயன்படுத்த முடியாமல் போகும். அதற்காக மறுபடியும் அந்தக் குடும்பங்களைத் தேடிப்போவது எவ்வளவு கடினம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

எலிகளில் செல்களைப் பொருத்திப் பார்க்க நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அதற்கான விண்ணப்பம் படிவம் பி. மரபணு திருத்தம் செய்வதாக இருந்தால் நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவிடம் முதலில் செல்ல வேண்டும். ஆய்வின் வகையைப் பொறுத்து அது அங்கிருந்து மேலே, மரபணு வேலைகளைப் பரிசீலிக்கும் டி.பி.டி.யின் ஆர்.சி.ஜி.எம். குழுவுக்குப் போகும். இவை ஒவ்வொன்றும் தத்தம் கூட்ட நாளில்தான் நடக்கும்; உங்கள் கடைசித் தேதிக்காக யாரும் கூட்டத்தை முன்னால் நகர்த்த மாட்டார்கள். குழுச் செயலாளர்களிடம் இந்த ஆண்டின் கூட்ட நாட்களைக் கேட்டு, ஆவணம் சேர வேண்டிய தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கூட்டம் தவறினால் அடுத்ததுவரை சும்மா இருக்க வேண்டியதுதான்.

மனிதர்களிடம் சோதனை என்ற கட்டம் வந்துவிட்டால் களமே வேறு. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகளின்படி ஸ்டெம் செல்லிலிருந்து பெறப்படும் தயாரிப்பு ஒரு புதிய மருந்து. மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சி.டி.எஸ்.சி.ஓ.வின் அனுமதி, மருத்துவச் சோதனைகளின் தேசியப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிவு, பங்கேற்பவருக்குப் பாதிப்பு நேர்ந்தால் மருத்துவமும் இழப்பீடும் தரும் ஏற்பாடு எல்லாம் கட்டாயம். முதல் திட்டத்தில் இதைத் தொடாதீர்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: சர்க்கரை நோயை ஸ்டெம் செல்லால் குணமாக்குவதாகப் பணம் வாங்கிச் சிகிச்சை தரும் மருத்துவமனைகள் நிதியோ நோயாளிகளோ தருவதாக உங்களை அணுகினால், விலகி நில்லுங்கள். அங்கீகரிக்கப்பட்ட ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவற்றைத் தவிர, சோதனைக்கு வெளியே ஸ்டெம் செல் சிகிச்சை தருவதை அந்த வழிகாட்டு நெறிகள் ஏற்கவில்லை. நம்பிக்கையோடு வரும் பெற்றோரிடம் பணம் பறிக்கும் வேலைக்கு உங்கள் பெயர் துணைபோகக் கூடாது.

4. ஆவணக் கோப்பைத் தயார் செய்யுங்கள்

அழைப்பு வந்த பிறகு பொதுவாகச் சில வாரங்களே இருக்கும். கீழ்க்கண்டவை அதற்கு முன்பே கையில் இருக்கட்டும்: நிறுவனத் தலைவர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம், முதன்மை ஆய்வாளர், இணை ஆய்வாளர்களின் தன்விவரம், நடப்பில் உள்ள, முடிந்த, விண்ணப்பித்திருக்கிற எல்லாத் திட்டங்களின் பட்டியல், செல் வரிசை யாரிடமிருந்து வருகிறது என்பதற்கான கடிதமும் பொருள் பரிமாற்ற ஒப்பந்தமும், கருவிகளுக்கான விலைப்புள்ளிகள், கூட்டு நிறுவனத்தின் இசைவுக் கடிதம், குழு அனுமதிகள் அல்லது விண்ணப்பித்ததற்கான ஒப்புகைச் சீட்டு.

இவற்றில் பொருள் பரிமாற்ற ஒப்பந்தத்தைத்தான் பலர் கடைசிவரை தள்ளிப்போடுகிறார்கள். வெளிநாட்டுச் செல் வங்கியோ பல்கலைக்கழகமோ அனுப்பும் ஒப்பந்தத்தை உங்கள் நிறுவனத்தின் சட்டப்பிரிவு படித்து, கண்டுபிடிப்பின் உரிமை யாருக்கு என்ற பத்தியில் திருத்தம் கேட்டு, அது கடல் கடந்து போய்த் திரும்பி வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். ‘ஆய்வுக்கு மட்டும்’ என்ற நிபந்தனையில் பெற்ற செல் வரிசையைப் பின்னாளில் சிகிச்சைக்குக் கொண்டுபோக முடியாது என்பதையும் கவனியுங்கள்.

விலைப்புள்ளி எத்தனை நாள் செல்லும் என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். பணம் வருவதற்குள் அது காலாவதியாகிவிடும். ஆகவே கணக்கில் விலை உயர்வுக்கு இடம் விட்டு, அதற்கான காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள்.

5. செலவுக் கணக்கை வேலையிலிருந்து எழுதுங்கள்

நிதியின் உச்ச வரம்பைப் பார்த்து அதற்கேற்பச் செலவைப் பங்கு போடும் பழக்கம் நம்மிடம் அதிகம். மதிப்பீட்டாளர் அதை ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். ஒரு சோதனைச் சுற்றுக்கு என்ன தேவை என்பதிலிருந்து தொடங்குங்கள்.

ஐ.பி.எஸ். செல்லைப் பீட்டா செல்லாக மாற்றும் முறைகள் பலவும் ஆறு ஏழு கட்டங்களாக, ஒரு மாதத்துக்கும் மேலாக நீள்பவை. முதல் நாளன்று ஆக்டிவின் ஏ-யும் சி.எச்.ஐ.ஆர்.-உம், பிறகு கே.ஜி.எஃப்., ரெட்டினாயிக் அமிலம், அதற்குப் பின் தைராய்டு ஹார்மோன், ஆல்க்5 தடுப்பி என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிக் கலவை. ஊடகத்தை ஏறத்தாழ ஒவ்வொரு நாளும் மாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் பொங்கலும் செல்களுக்குத் தெரியாது. எனவே ஒரே ஒரு ஆய்வு மாணவரை வைத்து இந்த வேலை நடக்காது. இரண்டு பேராவது வேண்டும் என்று காரணத்தோடு கேளுங்கள். 2023 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த விகிதப்படி இளநிலை ஆய்வு உதவியாளருக்கு மாதம் 37,000 ரூபாய், முதுநிலைக்கு 42,000 ரூபாய். ஒருவருக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு 4 லட்சத்து 44 ஆயிரமும் முதுநிலைக்கு உயரும் மூன்றாம் ஆண்டில் 5 லட்சத்து 4 ஆயிரமும் ஆகும். வீட்டு வாடகைப்படி நகரத்தின் வகையைப் பொறுத்துத் தனி. விண்ணப்பிக்கும் நாளில் விகிதம் மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நுகர்பொருளில் பெரும்பகுதி வளர்ச்சிக் காரணிகளுக்கும் ஊடகத்துக்கும் போகும். ஒரு சுற்றுக்கு எத்தனை மைக்ரோகிராம், ஓராண்டில் எத்தனை சுற்று, அதில் எத்தனை தோற்கும் என்று பெருக்கிக் காட்டுங்கள். தோல்வியைக் கணக்கில் சேர்ப்பது குறையல்ல. இந்த வேலையில் ஒரு செல் வரிசைக்கு ஒத்துவரும் முறை இன்னொன்றுக்கு ஒத்துவராது என்பதை அறிந்த மதிப்பீட்டாளர் அதை நேர்மையாகவே எடுத்துக்கொள்வார். குரோமோசோம் பரிசோதனை, செல் வளர்ப்பைக் கெடுக்கும் மைக்கோபிளாஸ்மா கிருமிக்கான பரிசோதனை, செல்களை வகைபிரித்து எண்ணும் ஃபுளோ சைட்டோமெட்ரி, குளுக்கோஸ் கொடுத்து, இன்சுலினோடு சேர்ந்து சுரக்கும் சி-பெப்டைடை அளத்தல் ஆகியவற்றுக்குத் தனி வரி எழுதுங்கள். ‘இதர செலவு’ என்று மறைக்காதீர்கள்.

எலிச் சோதனைக்கு மனித செல்களை ஏற்றுக்கொள்ளும் நோயெதிர்ப்பற்ற எலிகள் தேவை. அவற்றின் விலையைவிட, கிருமியற்ற தனிக் கூண்டுகளில் மாதக்கணக்கில் வைத்துப் பராமரிக்கும் செலவே அதிகம். பொருத்திய செல்கள் முதிர்ந்து மனித சி-பெப்டைடு ரத்தத்தில் தெரியச் சில மாதங்கள் ஆகலாம்; கட்டி உருவாகிறதா என்று பார்க்க அதற்கும் மேல் காத்திருக்க வேண்டும். எலி ஒன்றுக்கு ஒரு நாள் பராமரிப்புக் கட்டணத்தை விலங்குக்கூடத்திலிருந்து எழுத்தில் வாங்கிக் கோப்பில் சேருங்கள்.

வரியில் ஒரு கண்ணி இருக்கிறது. அரசு ஆய்வு நிறுவனங்கள் வாங்கும் அறிவியல் கருவிகளுக்கு முன்பு இருந்த 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. சலுகை 2022 ஜூலையோடு போய்விட்டது. பழைய முன்மொழிவைப் பார்த்துக் கணக்கெழுதினால், அந்தந்தக் கருவிக்கு இப்போதுள்ள விகிதத்தில் வரி கட்டும்போது துண்டு விழலாம்.

இறக்குமதிப் பொருள்களுக்குச் சுங்க நடைமுறைச் செலவையும் சேர்க்க வேண்டும். உலர்பனியில் வரும் புரதங்கள் அடங்கிய பெட்டி ஒரு வெள்ளிக்கிழமை மாலை விமான நிலையச் சரக்குப் பிரிவில் இறங்கி, ஒரு காகிதம் குறைகிறது என்று திங்கள்வரை நின்றுவிட்டால், உள்ளே பனி ஆவியாகி, குப்பிகள் அறை வெப்பத்துக்கு வந்திருக்கும். அப்படி வந்த பெட்டியைத் திறந்து பார்த்த வேதனை எனக்குத் தெரியும். வாரத் தொடக்கத்தில் வந்து சேரும்படி அனுப்பச் சொல்லுங்கள். உலர்பனியை நிரப்பித் தரும் முகவரை அமர்த்தி, அந்தக் கட்டணத்தையும் கணக்கில் காட்டுங்கள்.

6. வெளிநாட்டு நிதி என்றால் கூடுதலாக இரண்டு வாயில்கள்

பிரேக்த்ரூ டி1டி போன்ற அமைப்புகளில் பெரும்பாலும் முதலில் சுருக்கமான விருப்பக் கடிதம். அது ஏற்கப்பட்டால்தான் முழு விண்ணப்பம். அவர்கள் நிறுவன மேல்செலவுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் தருவதில்லை என்ற நடைமுறையை உங்கள் நிதி அலுவலரிடம் விண்ணப்பிக்கும் முன்பே சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். ஒப்பளிப்பு வந்த பிறகு எழும் தகராறு மிகவும் கசப்பானது.

முதல் வாயில், சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவான எச்.எம்.எஸ்.சி. வெளிநாட்டு நிதியோ கூட்டாளியோ உள்ள மருத்துவ ஆய்வுகள் ஐ.சி.எம்.ஆர். வழியாக அங்கே போக வேண்டும். நெறிமுறைக் குழு அனுமதியும் ஒப்பந்த வரைவும் இல்லாமல் அங்கே நகராது.

இரண்டாவது, வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம். மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் அமைந்து, தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் தணிக்கைக்கு உட்பட்ட பல்கலைக்கழகங்களுக்கு விலக்கு உண்டு. அறக்கட்டளை மருத்துவமனைகளுக்கும் தனியார் ஆய்வு மையங்களுக்கும் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பணம் புதுதில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் இறங்க வேண்டும். நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. மிக முக்கியமானது, 2020 திருத்தத்துக்குப் பின் இப்படிப் பெற்ற பணத்தை வேறு நிறுவனத்துக்கு மாற்றித் தரவே முடியாது. உங்கள் அறக்கட்டளை வாங்கி, கூட்டு ஆய்வுக்கூடத்துக்குப் பங்கு தரலாம் என்று திட்டம் போட்டிருந்தால் அது அங்கேயே நின்றுவிடும். கூட்டாளிக்கு உரிய பங்கை நிதியாளரே நேரடியாக அனுப்பும்படி தொடக்கத்திலேயே ஒப்பந்தம் எழுதுங்கள்.

7. எழுதும்போது கவனிக்க வேண்டியவை

பொதுமக்களுக்கான சுருக்கத்தைக் கடைசி இரவில் எழுதாதீர்கள். நோயோடு வாழ்கிறவர்கள் மதிப்பீட்டில் பங்கேற்கும் அமைப்புகள் உண்டு. அவர்கள் அதைத்தான் முதலில் படிக்கிறார்கள். டைப் 1 நோயுள்ள ஒருவரிடமோ, அப்படிப்பட்ட குழந்தையின் தாயிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்லி, எங்கே நிற்கிறார்கள் என்று கவனியுங்கள். ‘குணமாக்குவோம்’ என்று எழுத வேண்டாம்.

முதற்கட்ட முடிவுகள் ஏதேனும் இருந்தே ஆக வேண்டும். செல்கள் பீட்டா செல்லின் அடையாளப் புரதங்களான பி.டி.எக்ஸ்1, என்.கே.எக்ஸ்6.1 ஆகிய இரண்டையும் காட்டுகின்றன என்று ஒரே ஒரு நல்ல படம் இருந்தாலும், பத்துப் பக்க விளக்கத்தைவிட அது பேசும். கருவி இல்லையென்றால் கூட்டாளியின் ஆய்வுக்கூடத்தில் ஒரு சுற்றாவது செய்து பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

8. காலக் கணக்கு

அழைப்பு வரும் என்று எதிர்பார்க்கும் நாளுக்கு ஓராண்டு முன்பே செல் வரிசையையும் குழுப் பதிவையும் தொடங்குங்கள். ஆறு மாதம் முன்பு நெறிமுறை, விலங்கு, உயிரிப் பாதுகாப்பு விண்ணப்பங்கள் உள்ளே போயிருக்க வேண்டும். விண்ணப்பித்ததிலிருந்து பணம் கைக்கு வர ஓராண்டு ஆகும் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் குறையும். கடைசி நாளன்று தளம் திணறும். நிறுவனத் தலைவர் ஊரில் இருக்க மாட்டார். நான்கு நாள் முன்பே சமர்ப்பித்துவிடுங்கள். நிராகரிப்பு வந்தால் மதிப்பீட்டாளரின் குறிப்புகளைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி, அடுத்த அழைப்பில் அந்தப் பதில்கள் முன்மொழிவுக்குள்ளேயே இருக்கும்படி செய்யுங்கள்.

9. பணம் வந்த பிறகு

ஒப்பளிப்பு ஆணையில் உள்ள தலைப்புகளுக்குள்தான் செலவிட முடியும். நுகர்பொருள் தலைப்பிலிருந்து கருவிக்கு மாற்ற முன் அனுமதி வேண்டும். பல மத்தியத் திட்டங்களில் இப்போது பணம் நிறுவனக் கணக்கில் வந்து தங்குவதில்லை. செலவிடும் வரம்பாகவே தரப்படுகிறது, மார்ச் 31-இல் மிச்சம் காலாவதியாகிவிடுகிறது. பணம் ஜனவரியில் வந்தால் மூன்று மாதத்தில் வாங்கி, பொருள் வந்து, பட்டியல் தீர்க்கப்பட வேண்டும். ஆகவே கொள்முதல் ஆணைகளின் வரைவுகளைப் பணம் வரும் முன்பே தயார் செய்து வையுங்கள். 2025 ஜூனில் மத்திய நிதி அமைச்சகம் மத்திய அறிவியல் துறைகளின் நிறுவனங்களுக்கு விதிகளைத் தளர்த்தி, விலைப்புள்ளியின்றி வாங்கும் வரம்பை 2 லட்சமாகவும், கொள்முதல் குழு வழியாக வாங்கும் வரம்பை 25 லட்சமாகவும் உயர்த்தியது. உங்கள் நிறுவனம் அதன் கீழ் வருகிறதா என்று கொள்முதல் பிரிவில் கேளுங்கள். அந்தப் பிரிவில் இருப்பவர்களுக்குச் சில சமயம் அந்த ஆணையின் நகலை நாமே கொண்டுபோய்க் காட்ட வேண்டியிருக்கும்.

ஆண்டு முடிந்ததும், மத்திய அரசின் பொது நிதி விதிகளில் உள்ள ஜி.எஃப்.ஆர். 12-ஏ படிவத்தில் பயனீட்டுச் சான்றிதழும், தணிக்கை செய்த செலவு அறிக்கையும் போக வேண்டும். அவை போகாமல் அடுத்த தவணை வராது. வங்கியில் ஈட்டிய வட்டி இருந்தால் அது அரசுக்குத் திரும்ப வேண்டியது. ஆண்டறிக்கையை எழுதும்போது ஐ.சி.-எஸ்.சி.ஆர். குழுவுக்கான அறிக்கையையும் அன்றே எழுதிவிடுங்கள்; இரண்டும் பெரும்பாலும் ஒரே செய்திகள்தான்.

திட்டம் முடியும் ஆண்டில், உறைநிலையில் உள்ள செல் குப்பிகளின் பட்டியலை, செல் வரிசையின் பெயர், எத்தனையாவது தலைமுறை, உறைய வைத்த நாள், எந்தத் தொட்டியில் எந்த அடுக்கு என்ற விவரங்களோடு தயாரித்து, அவற்றுக்குத் திரவ நைட்ரஜன் நிரப்பும் செலவை அடுத்து யார் ஏற்பது என்று நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கடிதத்தின் ஒரு நகல் இறுதி அறிக்கையோடு நிதியாளருக்குப் போகட்டும், இன்னொன்று தொட்டி இருக்கும் அறையின் பதிவேட்டில் இருக்கட்டும்.